நூற்றெண்பது கிராம்

2003-ஆம் வருடம், ஏப்ரல் மாதம் 21-ஆம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மூன்று நாட்களுக்கு முன் பெய்த கோடை மழையின் ஈரம் காய்ந்து, கொல்லிமலைச் சாலையின் தார் டயரில் ஒட்டிக்கொண்டு வந்தது. காற்று இலையைக்கூட அசைக்கவில்லை. நாற்பத்து மூன்றாம் வளைவில் என் காரின் பானெட்டுக்குள் ஏதோ வெடித்தது.

அந்த வெடிப்புக்குக் காரணம் கார் இல்லை, ரோடு இல்லை, வெயில்கூட இல்லை. அதைச் சொல்வதற்கு முதலில் என் மனைவியின் மூச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு ஒன்பது வருடமாக ஆஸ்துமா. மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் எங்கள் வீட்டில் இருக்கும்வரை தொந்தரவு குறைவு. மலையை விட்டு இறங்கினால்தான் வினை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முன்னால் ஒரு லாரி போகும், அதன் புகை பஸ்ஸுக்குள் வரும், அடிவாரம் சேர்வதற்குள் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். விடியற்காலையில் லாரி இருக்காதே என்று மகன் யோசனை சொன்னான். விடியற்காலையில் பனி இருக்கும், பனியும் அவளுக்கு ஆகாது. அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான், யோசனை சொல்வது சுலபம். இந்தக் காரணத்தால் அவள் இரண்டு வருடம் ஐந்து மாதமாக மலையை விட்டு இறங்கவில்லை.

அந்த வருடம் ஜனவரியில், மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில் இருந்த அவளுடைய அக்காள் படுக்கையில் விழுந்தாள். கூடப் பிறந்தவள் அந்த ஒருத்திதான். ஈரல் கெட்டுவிட்டது, இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அக்காளை ஒருக்கா பாத்துட்டு வந்தர்லாமுங்க," என்றாள் என் மனைவி. பிப்ரவரியில் இதை நான்கு முறை சொன்னாள். மார்ச்சில் ஆறு முறை. ஏப்ரலில் சொல்வதை நிறுத்திவிட்டு என் முகத்தை மட்டும் பார்த்தாள்.

கார் ஒன்று இருந்தது. மகன் புதுசு வாங்கியபோது எனக்குத் தள்ளிவிட்டது, பதினோரு வருடப் பழசு. அதில் ஏசி இருந்தது, ஆனால் கேஸ் கசிந்து போய் மூன்று வருடமாக வெறும் காற்றைத்தான் ஊதியது. ஏசி வேலை செய்தால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, புகை உள்ளே வராமல் அவளை இறக்கிவிடலாம். இது எனக்கு ஏப்ரல் மாதம்தான் தோன்றியது. ஜனவரியிலேயே தோன்றியிருக்க வேண்டும். காரை எடுத்துக்கொண்டு சேந்தமங்கலம் போனேன்.

அங்கே ஏசி வேலை பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். பிரிட்ஜ், கார் ஏசி இரண்டும் பார்ப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும், மெதுவாகப் பேசுவார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது பழைய கேஸுல ஓடுற வண்டிங்க ஐயா. அந்த கேஸு வரத்து நின்னு போச்சு. எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சிருந்தாலும் யானை வெலை சொல்லுவான். புது கேஸுக்கு மாத்திரலாங்க."

"மாற்றினால் குளிருமா?"

"குளுருமுங்க. ஆனா வெறும் கேஸ மட்டும் மாத்துனா ஆவாது. பழைய ஆயிலு புதுசோட சேராது, அதைச் சுத்தமா கழுவி எடுக்கணும். ரப்பர் வளையம் எல்லாம் மாத்தணும். ஈரம் உறிஞ்சுற டப்பா புதுசு போடணும். கேஸ் ஏத்துற வாய்க்கும் வேற மூடி."

எழுதிக் கொடுக்கச் சொன்னேன். ஒரு சீட்டில் ஆறு வரி எழுதினார். டப்பா 850, வளையங்கள் 120, ஆயில் 450, வாய் மூடிகள் 280, கூலி 600, கேஸ் ஒரு சார்ஜ் 900. மொத்தம் 3,200. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

பானெட்டின் உள்பக்கத்தில் ஒரு சிறு தகடு ஒட்டியிருந்தது. அதில் கேஸின் அளவு 900 கிராம் என்று அச்சடித்திருந்தது. தொள்ளாயிரம் கிராமுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், அப்படியானால் கிராமுக்கு ஒரு ரூபாய். கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. 17-ஆம் தேதி வியாழக்கிழமை வரச் சொன்னார்.

நான் முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக வேலை பார்த்தவன். சங்கிலி பிடித்து மலையை அளந்தவன். என் கையால் அளக்காத எதையும் நான் நம்பியதில்லை. அதோடு இந்த மலையில் இன்னொரு வழக்கம் உண்டு. மிளகு விற்கக் கீழே இறங்குகிறவர்கள் வியாபாரியின் எடைக்கல்லை நம்பமாட்டார்கள். மூட்டைக்குள் தங்கள் சொந்தக் கல் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். தராசு சரிதானா என்று அந்தக் கல்லை வைத்துப் பார்த்த பிறகுதான் மூட்டையின் வாயை அவிழ்ப்பார்கள். தூக்கு ஒன்றுக்கு அரைப்படி மிளகை எடையில் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் புத்தி வந்ததில் தப்பில்லை. நானும் மலையில் குடியேறிய பிறகு அப்படி ஒரு கிலோ இரும்புக் கல் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை அதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

காலை ஒன்பதே காலிலிருந்து இரண்டு மணி வரை பாயின் கடையில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பதினேழு வளையங்கள் மாற்றினார், எண்ணினேன். பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் பிடித்து என்னிடமே காட்டினார். பம்பை மாட்டி உள்ளே இருந்த காற்றை நாற்பது நிமிடம் உறிஞ்சி எடுத்தார். வேலை சுத்தம், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அக்காளின் வீடு அந்தக் கடையிலிருந்து மூன்றாவது தெருவில். நடந்தால் ஆறு நிமிடம். நான் போகவில்லை. நான் எழுந்து போனால் பழைய டப்பாவையே துடைத்து மாட்டிவிடுவாரோ என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாகக் கேஸ் சிலிண்டரை எலக்ட்ரானிக் தராசில் தூக்கி வைக்கப் போனார்.

"ஒரு நிமிஷம் பாய்," என்று சொல்லி என் பையிலிருந்து கல்லை எடுத்துத் தராசின்மேல் வைத்தேன்.

கடையில் மிளகு வியாபாரி ஒருவர் தன் பிரிட்ஜுக்காகக் காத்திருந்தார். அவர் சத்தமாகச் சிரித்தார். "சர்வேயரய்யா, நாங்கல்லாம் மொளகத்தானுங்க எடை போட்டு வாங்குறது. காத்தக்கூட எடை போட்டு வாங்குற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

தராசு சரியாக 1.000 காட்டியது. பாய் கல்லை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு சிலிண்டரை வைத்தார். 11.340. கேஸ் உள்ளே போகப் போக எண் குறைந்துகொண்டே வந்தது. 10.620 வந்தபோது பாய் குழாயை மூடினார்.

எழுநூற்று இருபது கிராம்தான் போயிருக்கிறது.

"இன்னும் நூற்றெண்பது கிராம் போக வேண்டும் பாய்."

"இல்லீங்க ஐயா. அவ்ளோதான் புடிக்கும்."

"தகட்டில் தொள்ளாயிரம் என்று இருக்கிறதே."

"அது பழைய கேஸுக்கு அடிச்ச தகடுங்க. இது வேற கேஸு, அழுத்தம் சாஸ்தி. அதுல நூறு போடுற எடத்துல இதுல எம்பது போட்டாப் போதும். மீறிப் போட்டா குளுரும் கொறையும், கேஸு போற ரப்பர் ஓஸும் தாங்காது."

"எனக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தொள்ளாயிரம் ரூபாய் வாங்குகிறீர்கள்."

"அது ஒரு தடவ நெரப்புற சார்ஜுக்கான ரேட்டுங்க. சின்ன வண்டி, பெரிய வண்டி எல்லாத்துக்கும் அதேதான்."

அப்போது நான் சொன்ன வார்த்தையை இத்தனை வருடம் கழித்தும் எழுதக் கூசுகிறது. எழுதுகிறேன். "மலைக்காரன்தானே, எடை தெரியாது என்று எல்லோரும் இந்த ஊரில் இதைத்தான் செய்கிறீர்கள்," என்றேன். மிளகு வியாபாரி சிரிப்பதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

பாயின் முகம் கறுத்துப் போனது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்தத் தெருவில் கடை. யாரும் அவரை எடையில் குறை சொன்னதில்லை என்று பிறகு அந்த மிளகு வியாபாரியே எனக்குச் சொன்னார்.

"சரிங்க," என்றார் பாய். "ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க. வேண்டாம்னு சொல்லியும் வண்டிக்காரர் கேட்டுப் போட்டதுன்னு."

எழுதிக் கொடுத்தேன். தேதி, மணி, எடை, கையெழுத்து எல்லாம் போட்டேன். என் கையெழுத்து அழகானது. அவர் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குழாயைத் திறந்தார். எண் 10.440-க்கு வந்ததும் மூடினார்.

"அந்த முள்ளப் பாருங்க ஐயா," என்று அழுத்தம் காட்டும் மானியைக் காட்டினார். முள் சிவப்புக் கோட்டில் இருந்தது. "நின்ன எடத்துலயே இப்படிங்க. மலையில சின்ன கியர்ல இஞ்சின் கத்தும்போது என்ன ஆவும்னு நெனச்சுக்கங்க. எறங்கும்போது ஏசிய நிறுத்திருங்க."

நிறுத்துவதற்கா மூவாயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்தேன்? உள்ளே கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. ஜெயித்துவிட்ட நினைப்பில் வீடு வந்து சேர்ந்தேன். ஏசி போடாமல்தான் மலை ஏறினேன், பெட்ரோல் மிச்சம் என்று.

"அக்காளைப் பாத்தீங்களா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நேரம் இல்லை," என்றேன்.

திங்கட்கிழமை அவள் நான்கு மணிக்கே எழுந்துவிட்டாள். அக்காளுக்குப் பிடிக்கும் என்று சாமைக் கஞ்சி காய்ச்சித் தூக்குப்போசியில் ஊற்றினாள். பச்சைக் கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டாள். பத்து மணிக்குப் புறப்பட்டோம். கண்ணாடிகள் நான்கையும் ஏற்றி, ஏசியை முழுசாக வைத்தேன். அவள் காற்று வரும் துளைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

எழுபதாம் வளைவு. அறுபத்தொன்பது. அறுபதாம் வளைவில் முன்னால் ஒரு குச்சிக்கிழங்கு லாரி சேர்ந்துகொண்டது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போகும் பாரம், சைக்கிள் வேகத்தில்தான் இறங்கியது. முந்த வழியில்லை. நான் முதல் கியரில் ஊர்ந்தேன், இஞ்சின் கத்தியது. வெளியே லாரியின் புகை கண்ணாடியில் மோதிப் போனது. உள்ளே ஒரு வாடை இல்லை. அவள் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, "எத்தன வளைவு பாக்கி?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐம்பத்திரண்டு. நாற்பத்தெட்டு. நாற்பத்து நான்கு.

நாற்பத்து மூன்றில் ஓஸ் வெடித்தது.

சத்தத்தோடு வெள்ளைப் புகை பானெட்டின் இடுக்குகளில் சீறியது. அது நேராக ஏசித் துளைகள் வழியாகவும் உள்ளே வந்தது. எண்ணெயும் மருந்தும் கலந்த ஒரு வாடை. ஏசியை நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள் அவள் இருமத் தொடங்கிவிட்டாள். காரை ஓரம் கட்டிக் கண்ணாடிகளை இறக்கினேன். லாரிப் புகை உள்ளே வந்தது.

பின்னால் இறங்கி வந்த பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்தார். "ஏனுங்க பெரியவரே, கார்லயே பொங்க வெச்சுட்டீங்களா?" என்றவர் என் மனைவியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு, "அம்மாவ பஸ்ஸுல ஏத்துங்க. சன்னலோரம் வேண்டாம், நடுவுல உக்காரட்டும். அரை மணியில கீழ எறக்கிருவோம். சேந்தமங்கலத்துல டாக்டர் இருக்காரு," என்றார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.

"கீழயே... போலாமுங்க," என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு இழுப்பு.

கார் ஓடும் நிலையில்தான் இருந்தது. வெடித்தது ஏசி ஓஸ், இஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. போவதா, திரும்புவதா? நான் எண்ணினேன். கீழே நாற்பத்து மூன்று வளைவு. மேலே இருபத்தேழு. இருபத்தேழு குறைவு. செம்மேட்டு ஆஸ்பத்திரி மேலேதான் இருக்கிறது. அவள் மறுபடி கையை நீட்டிக் கீழே காட்டினாள். "வேண்டாம், மேலே வளைவு கம்மி," என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டுக் காரைத் திருப்பினேன்.

இறங்கும் வளைவும் ஏறும் வளைவும் ஒன்றில்லை. மலையை அளந்தவனுக்கு இது தெரியாமல் போனது. இறங்குகிற வண்டி விடும் புகை கொஞ்சம், ஏறுகிற வண்டிதான் கக்கும். நாற்பத்து நான்காம் வளைவிலேயே செங்கல் ஏற்றிய ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியை ஏற்றினால் உள்ளே அந்த மருந்து வாடையும் வெக்கையும். இறக்கினால் கரும்புகை. பதினோரு முறை ஏற்றி இறக்கினேன். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். தூக்குப்போசியை மட்டும் விடவில்லை. இருபத்தேழு வளைவுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆனது. கண்டக்டர் சொன்ன அரை மணியை நான் அப்போதுதான் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூக்கில் முகமூடி வைத்து மருந்து கொடுத்தார்கள். நான்கு ராத்திரி அங்கே இருந்தாள். முதல் நாள் சாயங்காலம் நான் கஞ்சியைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிச் சுவரோரம் ஊற்றினேன், புளித்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்தேன். வந்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்காது, போன் அடித்தது. அக்காளின் மகன். மத்தியானம் மூன்றரைக்குப் போய்விட்டாளாம்.

"சித்தி வாராங்கன்னு திங்கக்கெழம தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டாங்க சித்தப்பா," என்றான். "படுத்த வாக்குல வாசலையே பாத்துட்டு இருந்தாங்க."

போனை வைத்துவிட்டு என் மனைவியிடம் சொன்னேன். பாதிதான் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதால் இழுப்பு வரும் என்று அடக்கிக்கொண்டாளோ என்னவோ. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மகனிடம் சொல்லி ஒரு நல்ல வண்டி வரவழைக்கிறேன், எடுப்பதற்குள் போய்விடலாம் என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எத்தன வளைவுன்னு எண்ணிச் சொல்லுங்க," என்றாள். "கம்மியா இருந்தா வாரேன்."

நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அவள் என்னை வேறு எதுவும் சொன்னதில்லை. சாவுக்கும் போகவில்லை, காரியத்துக்கும் போகவில்லை.

மே மாதம் நான் காரை மறுபடி பாயிடம் கொண்டுபோனேன். உடைந்ததை உடைந்தபடி நிறுத்தி வைக்க எனக்குத் தெரியாது. பாய் கிழிந்த ஓஸைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்த சீட்டை அவர் எடுத்துக் காட்டுவார் என்று காத்திருந்தேன். அதற்குப் பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் எடுக்கவே இல்லை. "அம்மா எப்படி இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். சின்ன ஊர், அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அக்காளின் வீட்டுக்கு அவர் மாலை வாங்கிக்கொண்டு போனார் என்று எனக்கும் தெரிந்திருந்தது.

புது ஓஸ் போட்டார். குழாய் திறந்து உள்ளே காற்று புகுந்துவிட்டதால் டப்பாவையும் ஆயிலையும் மறுபடி மாற்ற வேண்டும் என்றார், சரி என்றேன். சிலிண்டரைத் தராசில் வைத்துவிட்டு, "கல்லு கொண்டாந்தீங்களா ஐயா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டாரா, வழக்கமாகக் கேட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. கொண்டுவரவில்லை என்றேன். "அப்ப தராசு நம்பரையாச்சும் பாத்துக்கங்க," என்றார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரசீதில் கேஸ் என்ற வரியில் இந்த முறை ஒரு சார்ஜ் என்று எழுதவில்லை. 720 கிராம், 720 ரூபாய் என்று எழுதியிருந்தார். கூலி என்ற வரியில் ஒரு கோடு.

இப்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது. ஓடாமல் கிடந்தால் வளையங்கள் காய்ந்துவிடும், வாரம் ஒரு முறையாவது ஓட்டுங்கள் என்று பாய் சொன்னார். அதனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டு வாசலிலேயே காரை ஸ்டார்ட் செய்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து இருக்கையின் துளையிலிருந்தும் காற்று வருகிறது. அதை மூடிவிட்டால் என் பக்கம் இன்னும் குளிரும். மூடுவதில்லை. அவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், பிறகு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

முதல் முறை 3,200. இரண்டாம் முறை ஓஸ் 1,150, டப்பா 850, ஆயில் 450, கேஸ் 720. பெட்ரோல் எல்லா நடைக்கும் சேர்த்து 700. மொத்தம் ஏழாயிரத்து எழுபது ரூபாய்.